மரணப் பதிவும் சான்றிதழும்: அங்கத்தினர் அறிய வேண்டியவை

தறிக்காரர் வீடாயினும் உழவர் வீடாயினும், குடும்பத் தலைவர் ஒருவர் காலமானால் அடுத்து நடக்க வேண்டியவற்றை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. உறவினருக்குச் செய்தி போகிறது. ஈமக் கடன் நடக்கிறது. பதினாறாம் நாள் கருமாதியும் முறைப்படி முடிகிறது. ஆனால் இறந்தவரின் பெயரை மரணப் பதிவேட்டில் எழுதச் செய்து சான்றிதழ் பெறும் காரியம் மட்டும் பல வீடுகளில் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடப்படுகிறது. அதனால் விளையும் துன்பம் பெரும்பாலும் இறந்தவரின் மனைவியின் தலையிலேயே விழுகிறது.

கணவரின் பங்குத் தொகையையும், சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்துள்ள பணத்தையும் பெறச் சங்கத்துக்கு வரும் அம்மையாரிடம் நாம் முதலில் கேட்பது மரணச் சான்றிதழையே. குடும்ப ஓய்வூதியத்துக்கும், வங்கிக் கணக்குக்கும், பட்டா மாற்றத்துக்கும், வாரிசுச் சான்றிதழுக்கும் அதுவே முதற்படி. பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா யோஜனாவில் சேர்ந்திருந்தவர் காலமானால் குடும்பத்துக்குரிய 2 லட்சம் ரூபாயும் அச்சான்றிதழ் இன்றிக் கைக்கு வராது. ஆதலின் இதனைப் பெறும் முறையை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

சட்டம் கூறுவது

சென்னை ராஜதானியில் பிறப்பு இறப்புப் பதிவுக்கென 1899-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இருந்தது. இன்று நாடு முழுவதற்கும் உரியது 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். இது தமிழ்நாட்டில் 1970 ஏப்ரல் 1 முதல் அமலில் இருந்து வருகிறது. 2023-இல் செய்யப்பட்ட திருத்தங்கள் அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இச்சட்டப்படி ஒவ்வொரு மரணத்தையும் பதிவு செய்வது கட்டாயமாகும்.

எங்கே பதிவு செய்வது?

நம்மவர் பெரிதும் தடுமாறும் இடம் இதுவே. மரணம் நிகழ்ந்த இடத்தின் பதிவாளரே அதனைப் பதிவு செய்வார். இறந்தவர் குடியிருந்த ஊரும், உடலை அடக்கம் செய்த ஊரும் இதற்குக் கணக்கில்லை. சென்னிமலையில் தறி நெய்பவர் கோயம்புத்தூர் அரசு மருத்துவமனையில் காலமாகி, உடல் சொந்த ஊருக்குக் கொண்டுவரப்பட்டுத் தகனமானது என்று வைத்துக்கொள்வோம். அம்மரணம் கோயம்புத்தூர் மாநகராட்சியின் பதிவேட்டில்தான் ஏறும். சென்னிமலையில் எத்தனை முறை விசாரித்தாலும் சான்றிதழ் கிடைக்காது. கொண்டு செல்லும் வழியில் வாகனத்திலேயே உயிர் பிரிந்தால், வாகனம் அதன்பின் முதலில் நிற்கும் இடத்தில் தகவல் தர வேண்டும் என்பது விதி.

கிராமத்தில் வீட்டிலேயே மரணம் நிகழ்ந்தால் கிராம நிர்வாக அலுவலரே பதிவாளர். நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் அவ்வமைப்பின் சுகாதாரப் பிரிவை அணுக வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் தகவல் தரும் கடமை அதன் பொறுப்பு மருத்துவருடையது. வீட்டில் இறந்தால் அக்கடமை குடும்பத் தலைவருடையது. அவர் இல்லாதபோது வீட்டிலுள்ள நெருங்கிய உறவினருடையது. இறுதி நோயின்போது வைத்தியம் பார்த்த மருத்துவரிடம் மரணக் காரணச் சான்று பெற்றுப் பதிவாளரிடம் சேர்ப்பிக்க வேண்டும். இதற்கு மருத்துவர் கட்டணம் வாங்கலாகாது.

இருபத்தொரு நாட்கள்

மரணத் தகவலை 21 நாட்களுக்குள் தர வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பின் எஞ்சுவன ஐந்தே நாட்கள். ஆகையால் கருமாதிக்கு முன்பாகவே வீட்டில் பொறுப்புள்ள ஒருவரை இதற்கென நியமித்துவிடுவது நலம். 21 நாட்களுக்குள் தகவல் தந்தால் பதிவுக்குக் கட்டணம் இல்லை. பதிவு முடிந்த ஏழு நாட்களுக்குள், தகவல் தந்தவருக்கு ஒரு சான்றிதழை மின்வழியாகவோ கையொப்பமிட்ட தாளாகவோ இலவசமாக வழங்கவும் பதிவாளர் கடமைப்பட்டவர்.

தாமதம் வளர வளரப் படிகளும் வளர்கின்றன. 21 நாள் கடந்து 30 நாட்களுக்குள் சென்றால் தாமதக் கட்டணம் செலுத்திப் பதிவாளரிடமே பதியலாம். 30 நாள் கடந்து ஓராண்டுக்குள் எனில், சுயசான்றொப்பமிட்ட ஆவணத்துடன் விண்ணப்பித்து, மாவட்டப் பதிவாளர் அல்லது அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்து மூலமான அனுமதியைப் பெற வேண்டும். ஓராண்டும் கடந்துவிட்டால், நிர்வாக நடுவரின் அதிகாரம் பெற்ற அதிகாரி விசாரித்துப் பிறப்பிக்கும் ஆணை தேவை. நம் மாநிலத்தில் இதற்காகப் பொதுவாக வருவாய்க் கோட்டாட்சியரை அணுகுகிறோம். முதலில் ஒரே நடையில் முடியக்கூடிய காரியம், ஓராண்டு கழிந்தபின் பல அலுவலகங்களின் காரியமாகிவிடுகிறது. அன்றாடம் நெய்தால்தான் கூலி என்றிருக்கும் வீட்டில் ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலியின் இழப்பாகும்.

பெயரில் கவனம்

சான்றிதழ் கைக்கு வந்தும் பயன்படாமல் போவதற்குப் பெருங்காரணம் பெயர் வேறுபாடு. சங்கப் பேரேட்டில் "மு. பழனிசாமி" என்றிருக்கும். ஊரார் அவரைச் "சின்னத்தம்பி" என்று அழைத்து வந்திருப்பர். அவசரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்த அண்டை வீட்டார், அனுமதிச் சீட்டு எழுதுபவரிடம் தமக்குத் தெரிந்த பெயரையே சொல்லியிருப்பர். அச்சீட்டில் ஏறிய பெயரே மரண அறிக்கைக்கும் பதிவேட்டுக்கும் சென்றுவிடுகிறது. பின்னர் சங்கமும் வங்கியும் "இவர் வேறு, அவர் வேறு" என்று தயங்குகின்றன.

ஆகவே நோயாளியை மருத்துவமனையில் சேர்க்கும்போதே அவருடைய ஆதார் அட்டையைக் காட்டிப் பெயரை எழுதச் செய்ய வேண்டும். மரணம் நேர்ந்துவிட்டால், அறிக்கை பதிவாளருக்கு அனுப்பப்படும் முன்னர் பெயர், தலைப்பெழுத்து, தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி, மரணத் தேதி ஆகியவற்றைப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். பிழை பதிவாகிவிட்டால் திருத்தத்துக்குச் சட்டத்தில் வழி உண்டு. உரிய சான்றுகளுடன் விண்ணப்பித்தால், பழைய பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுதிக் கையொப்பமிடப் பதிவாளருக்கு அதிகாரம் இருக்கிறது. சான்றிதழில் நாமே பேனாவால் திருத்துவது குற்றத்துக்கு இடமாகும், ஒருபோதும் செய்யலாகாது.

பழைய மரணத்துக்குச் சான்றிதழ்

தந்தையார் காலமாகி முப்பது ஆண்டுகளாகியும் நிலப் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. இவர்கள் முதலில் அறிய வேண்டியது அம்மரணம் அன்று பதிவாயிற்றா என்பதே. பதிவேட்டைத் தேடிப் பார்க்கச் சொல்லி நகல் பெறும் உரிமை எவருக்கும் உண்டு. விண்ணப்பத்தில் இறந்தவர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், மரணம் நிகழ்ந்த இடம், தேதி ஆகியவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். தேதி நினைவில் இல்லையெனில் ஆண்டையாவது குறிப்பிட வேண்டும். தேடுதல் ஆண்டுக் கணக்கிலேயே நடக்கிறது. பழைய கிராமப் பதிவேடுகள் கிராம நிர்வாக அலுவலரிடம் இல்லாவிடில் வட்டாட்சியர் அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் விசாரிக்க வேண்டும். தேடுதலுக்கும் நகலுக்கும் உரிய கட்டணத்தைச் செலுத்தி ரசீது பெற மறத்தல் கூடாது.

பதிவு இல்லையென்றால், "பதிவு காணப்படவில்லை" எனும் சான்றை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். மேலே கூறிய ஓராண்டு கடந்த பதிவுக்கு அச்சான்றே தொடக்கம். பதிவாளரின் நடவடிக்கையால் குறையுற்றவர் 30 நாட்களுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இவ்வுரிமை 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கிடைத்தது.

சான்றிதழ் எதைச் சொல்லாது?

இரண்டு செய்திகளை அங்கத்தினர் தெளிந்துகொள்ள வேண்டும். முதலாவது, மரணச் சான்றிதழில் மரணக் காரணம் இராது. அதனை நகலில் வெளியிடுவதைச் சட்டமே தடுத்துள்ளது. காப்பீட்டு நிறுவனம் காரணத்தைக் கேட்டால் மருத்துவமனை தந்த காரணச் சான்றைக் காட்ட வேண்டும். அதன் படியை நெருங்கிய உறவினருக்குத் தருவது மருத்துவமனையின் கடமை. ஆதலால் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துக.

இரண்டாவது, இன்னார் இந்நாளில் இவ்விடத்தில் காலமானார் என்பதையே மரணச் சான்றிதழ் மெய்ப்பிக்கும். அவருடைய பணத்தைப் பெற உரியவர் யார் என்பதை அது கூறாது. அதற்குச் சங்கத்தில் உள்ள நியமனப் பத்திரமோ, வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழோ வேண்டும். மணமாகுமுன் தாயாரின் பெயரை நியமனமாக எழுதிவைத்து, அத்தாயார் மறைந்த பின்னும் அதனை மாற்றாமல் விட்டுள்ள அங்கத்தினர் தம் மனைவி மக்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சங்கத்தின் பங்கு

துயரத்தில் இருக்கும் குடும்பத்தை அலுவலகம் அலுவலகமாக அலையவிடுவது கூட்டுறவுக்கு அழகன்று. அங்கத்தினர் ஒருவர் மறைந்த செய்தி கிடைத்ததும் நிர்வாகக் குழுவினர் ஒருவர் அவ்வீட்டுக்குச் சென்று, மரணம் நிகழ்ந்த இடத்தையும் தேதியையும் கேட்டறிந்து, உரிய பதிவாளர் யார் என்பதைச் சொல்லிவர வேண்டும். பேரேட்டில் உள்ளபடி பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது சிறு காரியமே. ஆயினும் அது பல மாத அலைச்சலைத் தவிர்க்கும். எழுத்தறியாத குடும்பத்தினருக்கு விண்ணப்பம் எழுதித் தருவதும் சங்கத்தாரால் இயலாத காரியமன்று.

அடுத்த அங்கத்தினர் கூட்டத்தில் பின்வரும் வினாக்களை எடுத்துப் பேசுமாறு வேண்டுகிறோம்:

1. நம் ஊரில் நிகழும் மரணத்தைப் பதிவு செய்பவர் யார்? அவர் அலுவலகத்தில் இருக்கும் நாளும் நேரமும் யாவை?

2. சங்கப் பேரேட்டிலும், வங்கிப் புத்தகத்திலும், ஆதார் அட்டையிலும் நம் பெயர் ஒன்றுபோல் உள்ளதா? வேறுபாட்டை இப்பொழுதே நீக்குவதற்கு என்ன வழி?

3. நாம் எழுதிக்கொடுத்த நியமனம் யார் பெயரில் உள்ளது? அவர் உயிருடன் இருக்கிறாரா?

4. கடந்த ஆண்டுகளில் மறைந்த அங்கத்தினருள், சான்றிதழ் இல்லாமையால் தொகை வழங்கப்படாத குடும்பங்கள் எத்தனை? அவற்றுக்கு உதவப் பொறுப்பேற்பவர் யார்?

நான்காம் வினாவுக்கு விடை காணும்போது பெயர்களைப் பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் பொறுப்பாளர் பெயரையும் முடிக்க வேண்டிய தேதியையும் குறித்து நடவடிக்கைப் புத்தகத்தில் பதிந்துகொள்வது நன்று. மறைந்த அங்கத்தினர் தம் கூலியிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அவருடைய வீட்டாருக்குப் போய்ச் சேரும்வரை, அவர்பால் சங்கத்துக்குள்ள கடமை தீர்ந்ததாகாது.