புலி ரூபாயை எடைபோடுவது எப்படி?

ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காடு புலிகள் காப்பகமானது 2021இல். அதற்கு வெகு முன்பே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துப் பழைய பீரோக்களில் ஒரு புலி உண்டு: 1947ஆம் ஆண்டு நிக்கல் ரூபாய். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னர், மறுபக்கம் நடைபோடும் புலி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவிடம் கடனாகப் பெற்ற வெள்ளியைத் திருப்பித் தர வேண்டியிருந்ததால், வெள்ளிக்குப் பதிலாக நிக்கல் வந்தது. கோடிக்கணக்கில் அடித்த காசு இது. ஆகவே பழசு என்பதற்காக யாரும் அள்ளிக் கொடுக்க மாட்டார்கள். எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

1. தேய்க்காதீர்கள். புளி, விபூதி, பல்பொடி எதுவும் வேண்டாம். பளபளப்பு கூடும், விலை இறங்கும். காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள்.

2. காந்தம் வையுங்கள். இது தூய நிக்கல், ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் போலி. இரும்பும் ஒட்டும் என்பதால் இந்தச் சோதனை மட்டும் போதாது.

3. நிறுத்துப் பாருங்கள். நகைக்கடைத் தராசில் சுமார் 11.66 கிராம் காட்ட வேண்டும். விட்டம் 28 மில்லிமீட்டர். தேய்ந்த காசு சற்றுக் குறையலாம்.

4. ஆண்டுக்குக் கீழே லென்ஸ் வைத்துப் பாருங்கள். புள்ளி போன்ற சிறு வைரக் குறி இருந்தால் பம்பாய் நாணயச்சாலை.

5. மேடான இடங்களைப் பாருங்கள். தேய்மானம் அங்கேதான் தொடங்கும்: மன்னரின் கிரீடம், புருவம், காது, புலியின் தோள்பட்டை வரிகள். காசைச் சாய்த்துத் திருப்பும்போது ஒளி சக்கரமாகச் சுழன்றால் அது புழக்கத்துக்கே போகாத ‘யுஎன்சி’. மேடுகளில் மட்டும் லேசாகத் தேய்ந்தது ‘எக்ஸ்எஃப்’. புலியின் உருவம் தெரிந்து வரிகள் மழுங்கியிருந்தால் அதற்கும் கீழே.

6. அட்டை ஹோல்டரில் வையுங்கள். மலிவான பிவிசி உறையில் நாளடைவில் பச்சைப் பிசுக்கு படியும்.

உண்மையில் அரியது 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய். 1938இன் கடைசி எண்ணைச் செதுக்கி 9 ஆக்கிய போலிகள் உண்டு. நிபுணரிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.

விற்பதானால், ஏலங்களில் உண்மையில் விற்ற விலையைப் பார்த்து, குறைந்தது இரண்டு வியாபாரிகளிடம் கேளுங்கள். ‘புலிக்காசுக்குப் பல லட்சம்’ என்று செல்போனில் வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். தன் பெயரைச் சொல்லிக் கமிஷனும் வரியும் கேட்பவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. காசை வாங்குகிறவர்தான் பணம் தர வேண்டும். உங்களிடம் முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.