நஞ்சேறிய மண்ணும் வெட்டிவேரும்

செஞ்சியை அடுத்த சிங்கவரம் போன்ற ஊர்களில் நெல்லும் மணிலாவும் பயிரிடும் குடியானவர்கள், மண்ணில் உலோக நஞ்சு ஏறுவது தமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று கருதக்கூடும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஆலைக் கசடை எருவாகக் கொட்டிக்கொண்டால், அந்த விஷயம் ஒரே நாளில் அவர்கள் வயலுக்கும் வந்துவிடும்.

வடக்கே பாலாற்றுப் பகுதியில் நேர்ந்தது யாவரும் அறிய வேண்டியது. தோல் பதனிடும் தொழிலால் அங்கு ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற ஆய்வை உச்ச நீதிமன்றம் தனது 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்துக் கூறிற்று. இக்கேட்டில் பெரும்பங்கு உப்பினுடையது. உப்பை நல்ல நீர் பாய்ச்சிக் கழுவி வடிக்கலாம். குரோமியம் அவ்வளவு எளிதில் போகாது. இராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச் சென்ற கழிவு மட்டும் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல்.

இத்தகைய மண்ணைச் செடிகளைக் கொண்டே திருத்தலாம் என்பது அறிவியலார் கண்ட வழி. ஒருவகைப் பெரணி ஆர்செனிக்கைத் தன் இலைகளில் ஏராளமாகச் சேர்க்கிறது என்பது 2001-இல் வெளியாயிற்று. குரோமியத்தின் போக்கு வேறு. அதில் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடுகிறது. இலைக்கு ஏறுவது சொற்பம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் அரையடி ஆழ மண்ணின் எடை சுமார் எட்டரை லட்சம் கிலோ. கிலோவுக்கு 100 மில்லிகிராம் குரோமியம் இருப்பின், மொத்தம் 85 கிலோ ஆகும். ஆண்டுக்கு இரண்டு டன் உலர்ந்த தழையை அறுத்து, அதிலும் அதே அளவு குரோமியம் இருப்பதாகவே கொண்டாலும், வெளியேறுவது 200 கிராம்தான். நிலம் தூய்மையாக நானூறு ஆண்டுகளுக்கு மேல் வேண்டும்! இரண்டே போகத்தில் நஞ்சை எடுத்துத் தருவதாகச் சொல்லி நாற்று விற்க வருவோரிடம் இக்கணக்கைக் காட்டுக.

அப்படியாயின் செடி நடுவதால் பயன் என்ன? வெட்டிவேர் ஆழமாக வேரோடி மண்ணை இறுகப் பிடிக்கும். நச்சு மண் காற்றில் பறவாமலும், மழைநீரில் கரைந்தோடி ஏரியிலும் கிணற்றிலும் சேராமலும் காக்கும். இது சிறிய காரியமன்று.

ஆனால் நம் வீடுகளில் வெட்டிவேரைப் பானைத் தண்ணீரில் போட்டுக் குடிக்கும் வழக்கம் உண்டு. குரோமியம் தங்குவதும் அந்த வேரில்தான். ஆகையால் கெட்ட நிலத்தில் நட்ட வெட்டிவேரை ஒருபோதும் தோண்டி விற்றலாகாது. தழையை மாட்டுக்குப் போடுவதும், கூரை வேய்வதும், எருக்குழியில் இடுவதும், எரிப்பதும் கூடா. அவ்விடத்தில் பஞ்சாயத்தார் வேலியிட்டு, பலகையும் வைத்தல் வேண்டும்.

வழக்கமான மண் பரிசோதனை தழை, மணி, சாம்பல் சத்துக்களையே முக்கியமாகக் காட்டும். ஐயமுள்ள நிலத்து மண்ணை அனுப்பும்போது, குரோமியம், ஈயம், காட்மியம் ஆகியவற்றையும் பார்க்கும்படி தனியே எழுதிக் கேட்க வேண்டும். பக்கத்துக் கிணற்று நீரையும் உடன் அனுப்புக.