பிச்சாவரம் கிளம்பும் முன்: வெண்ணந்தூர் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

வெண்ணந்தூர்ப் பக்கம் தண்ணீர் என்றால் ஏரித் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், போர்வெல் தண்ணீர். உப்புத் தண்ணீரில் வேர் விட்டுக் காடு நிற்கும் என்று பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். கூட்டிப்போய்க் காட்டிவிடுவது சுலபம். கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில், கிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிறது பிச்சாவரம். ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. இது தேசியப் பூங்கா அல்ல, வனத்துறையின் காப்புக்காடு. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

இந்தக் காடு நமக்கு அந்நியமும் இல்லை. வடக்கே வெள்ளாற்று முகத்துவாரம், தெற்கே கொள்ளிட முகத்துவாரம், நடுவில் காடு. ஆத்தூர்ப் பக்கத்து வசிஷ்ட நதி வெள்ளாற்றோடு போகிறது. ஏற்காட்டில் பிறந்து சேலத்தைத் தாண்டி நம் பக்கமாக இறங்கும் திருமணிமுத்தாறு காவிரியில் கலக்கிறது. காவிரி வெள்ளத்தின் பெரும்பங்கு கொள்ளிடம் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. நம் ஆறுகள் சுமந்துவந்த வண்டலும் சேர்ந்துதான் அங்கே சேறாகக் கிடக்கிறது. சாயக் கழிவையும் குப்பையையும் ஆற்றில் விடுகிறவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

1. பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, ஜனவரி பிற்பாதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை போவது நல்லது. வலசை வந்த பறவைகள் இன்னும் இருக்கும், வெயிலும் தாங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நம்மூரில் வெறும் தூறலாக இருக்கிற நாளில் கடலூரில் புயல் எச்சரிக்கை ஏற்றியிருப்பார்கள், படகை நிறுத்திவிடுவார்கள். கிளம்புவதற்கு முந்தின இரவு நம்மூர் வானத்தைப் பார்க்காதீர்கள், கடலூர் மாவட்ட வானிலைச் செய்தியைப் பாருங்கள்.

2. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல நேரம் பார்க்க அல்ல, அமாவாசை பௌர்ணமி பார்க்க. அலையாத்திக் காட்டில் கடிகாரம் என்பது ஓதம்தான். கடல்நீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். அந்த நேரமும் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். நேற்று போனவர் காலை ஒன்பது மணிக்கு வாய்க்கால் நிறையத் தண்ணீர் என்று சொன்னால், அது அடுத்த வாரம் போகும் உங்களுக்கு உதவாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அஷ்டமி வாக்கில் இரண்டுமே மந்தம். தண்ணீர் ஏறியிருக்கும்போது குறுகிய வாய்க்கால்களுக்குள் படகு நுழையும், இரண்டு பக்கக் கிளைகளும் தலைக்கு மேல் கூடாரம் கட்டும். வற்றியிருக்கும்போது அது வாய்க்காது. ஆனால் சேற்றுத் திட்டு வெளியே வரும். பறவை, நண்டு எல்லாம் அப்போதுதான் மேயும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஏற்றம், பறவை பார்க்கிறவர்களுக்கு வற்றம் என்பது என் கணக்கு. சிதம்பரத்தில் தங்கினால் இரண்டையும் பார்த்துவிடலாம்.

3. காரில் போகிறவர்களுக்கு ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, மெட்டாலா வழியாக ஆத்தூர். அங்கிருந்து தலைவாசல், விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, சிதம்பரம் வழி தோது. 200 கிலோமீட்டருக்குக் குறையாது. போய்விட்டு அன்றே திரும்பலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் மொட்டை வெயிலில் படகு ஏறி, தலைவலியோடு திரும்புகிறார்கள். முந்தின நாளே சிதம்பரம் போய்த் தங்கி, நடராஜர் கோயிலையும் பார்த்துவிட்டு, மறுநாள் முதல் படகைப் பிடியுங்கள். ரயில் பிடித்தவர்களுக்குச் சேலத்திலிருந்து விருத்தாசலம், கடலூர் வழியாகச் சிதம்பரம் போகும் பெங்களூரு–காரைக்கால் வண்டி உண்டு. நேரத்தைக் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாக டவுன் பஸ் இருக்கிறது.

4. படகுக் குழாமில் துடுப்புப் படகு, மோட்டார் படகு இரண்டும் நிற்கும். பணம் கூடக் கொடுத்து மோட்டாரில் ஏறினால் சீக்கிரம் நிறையப் பார்க்கலாம் என்று தோன்றும். பார்க்க முடியாது. மோட்டார் அகலமான நீர்ப்பரப்பில்தான் ஓடும், அதன் சத்தத்துக்குக் கொக்கு எழுந்து போய்விடும். துடுப்புப் படகில் ஏறி, நேரம் அதிகமான சுற்றைக் கேட்டு வாங்குங்கள். கட்டணத்தைச் சீட்டு கொடுக்கும் இடத்திலேயே கட்டிவிடுங்கள். துடுப்புப் போடுகிறவரிடம் ஏறியதும் “அண்ணா, இப்போ ஏத்தமா வத்தமா?” என்று கேளுங்கள். விவரம் தெரிந்த ஆட்கள் என்று அவர் வாயைத் திறப்பார். சினிமா எடுத்த இடத்தை மட்டும் காட்டிவிட்டுத் திருப்ப மாட்டார். எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’ முதல் கமலின் ‘தசாவதாரம்’ வரை இங்கே படம் பிடித்திருக்கிறார்கள் என்பதால் அந்தப் பட்டியல் எப்படியும் வரும்.

5. முழுக்கைப் பருத்திச் சட்டை, கணுக்கால் வரை பேண்ட் அல்லது சுடிதார். கொசுவுக்கும் வெயிலுக்கும் சேர்த்து ஒரே மருந்து. தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் தொப்பிக்குக் கீழே வந்து தாடையைச் சுடும், அதற்கு ஒரு துண்டு வேண்டும். பட்டுப்புடவையைக் கோயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

6. செருப்பில் பின்வார் உள்ளதைப் போடுங்கள். ஹவாய் செருப்பைச் சேறு ஒரே இழுப்பில் கழற்றிக்கொள்ளும்.

7. இந்தக் குறிப்பை மட்டும் பிள்ளைகளிடம் இரண்டு முறை சொல்லுங்கள்: பெயர் தெரியாத மரத்தின் இலையைக் கிள்ளக் கூடாது. இங்கே தில்லை மரம் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான அதே மரம்தான். உதிரப்போகும் இலை செக்கச்செவேலென்று சிவந்து அழகாகத் தெரியும், கை தானாகப் போகும். ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். அது தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வையே சில நாள் மங்கிப்போகலாம். பட்டுவிட்டால் கண்ணைத் தேய்க்காமல் நல்ல தண்ணீரை விடாமல் நெடுநேரம் ஊற்றிக் கழுவி, நேராகச் சிதம்பரத்தில் டாக்டரிடம் போங்கள். கைவைத்தியம் எதுவும் வேண்டாம்.

8. படகோட்டி வெண்கண்டல் என்று காட்டிக் கொடுத்த இலையை மட்டும், கிளையில் இருக்கும்போதே, விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பில் ஒரு பங்கை இலை வழியாக வெளியே தள்ளிவிடும் மரம் அது. வெயில் ஏறிய நேரத்தில் இலையின் மேல் பொடிப்பொடியாக உப்பு ஒட்டியிருப்பது கண்ணுக்கே தெரியும். அதன் காலடியில் சேற்றிலிருந்து நூற்றுக்கணக்கில் விரல் நீளக் குச்சிகள் நிமிர்ந்து நிற்கும். அவை மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் மூச்சு விடுவதற்கென்றே மேலே வரும். படகிலிருந்து குதித்து அவற்றின் மேல் நடக்காதீர்கள், ஒடிந்துவிடும்.

9. வளைந்து வளைந்து தண்ணீரில் கால் ஊன்றி நிற்பது சுரபுன்னை. அதன் கிளையில் முருங்கைக்காய் போலத் தொங்குவது காய் இல்லை, கன்று. விதை மரத்திலேயே முளைத்து, நீண்டு, அப்புறம்தான் விழுகிறது. சேற்றில் விழுந்தால் அங்கேயே ஊன்றும், தண்ணீரில் விழுந்தால் மிதந்துபோய் வேறு கரையில் ஒதுங்கும். வீட்டுத் தொட்டியில் வைக்கலாம் என்று ஒன்றைப் பையில் போட அம்மாயிமார்களுக்கு ஆசை வரும். காப்புக்காடு, எதையும் எடுக்க அனுமதி இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

10. சேற்றுத் திட்டு தெரிந்தால் படகை நிறுத்தச் சொல்லி ஐந்து நிமிடம் அசையாமல் இருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒவ்வொரு வளையிலிருந்தும் கட்டைவிரல் அளவு நண்டுகள் எட்டிப் பார்க்கும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெரிது. அதைத் தூக்கித் தூக்கி ஆட்டி, பெண் நண்டைக் கூப்பிடும், எதிரியை மிரட்டும். ஒருவர் இருமினால் போதும், திட்டு முழுக்கக் காலியாகிவிடும். சேற்றில் துள்ளும் சிறு மீனையும் தேடுங்கள். கரையில் துடுப்பை ஊன்றி நகரும், தண்ணீருக்கு வெளியேயும் மூச்சு விடும். பிள்ளைகளுக்குப் படகு சவாரி மறந்துபோகும், இந்த இரண்டும் மறக்காது.

11. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு “சாக்கடை” என்று சொல்லிவிட வேண்டாம். காற்றில்லாத சேற்றில் இலை மக்கும்போது நுண்ணுயிர்கள் வெளியிடும் கந்தக வாயு அது. அந்த மக்கிய இலையை நம்பித்தான் இறாலும் மடவையும் நண்டும் இங்கே வளர்கின்றன.

12. படகில் கழிப்பறை கிடையாது. ஏறும் முன் எல்லோரையும் ஒருமுறை அனுப்பிவிடுங்கள். சர்க்கரை உள்ள பெரியவர்களுக்குக் குறுகிய சுற்றே போதும். முழங்கால் வலி உள்ள அப்புச்சியைப் படகில் ஏற்றும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், உங்கள் தோளை அவர் பிடித்துக்கொள்ளட்டும். மிதவை அங்கியைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்ளாமல் வாரை இழுத்துக் கட்டுங்கள்.

13. குளிக்க, நீந்த வேண்டாம். நீரோட்டம் இழுக்கும், சேறு காலைப் பிடிக்கும். சிதம்பரம் சுற்று வட்டாரத்தில் பழைய கொள்ளிடத்தில் முதலைகளும் உண்டு.

14. வழிச் சாப்பாட்டுக்குப் புளிசாதம் இரண்டாம் நாள் காலை வரை தாங்கும். நல்லெண்ணெயும் பொடியும் தடவிய இட்லியை அன்று மாலைக்குள் தீர்த்துவிடுங்கள். ராசிபுரம் நெய்யில் செய்த பலகாரம் இருந்தால் பிரித்துப் பிரித்துக் கட்டுங்கள், ஒரே டப்பாவில் இருந்தால் ஆத்தூரிலேயே முடிந்துவிடும். எல்லாவற்றையும் வாழையிலையிலும் எவர்சில்வர் டப்பாவிலும் கட்டுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. இங்கே அதைச் சட்டமாக மட்டும் பார்க்க வேண்டாம். ஒரு கவர் தண்ணீரில் விழுந்தால் மூச்சு வேரில் மாட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கும். படகில் தின்பண்டமே எடுக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

15. குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது கையில் இருக்கட்டும். சுற்றிலும் தண்ணீர் இருந்தாலும் ஒரு மடக்குக்கூடக் குடிக்க ஆகாது.

16. போனைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டுங்கள். உப்புக்காற்று பட்ட போனையும் கேமராவையும் அன்று இரவே, பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். வெறும் உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப்பொடி கண்ணாடியைக் கீறும்.

17. வழியில் நேர்க்கோடாக வெட்டிய வாய்க்கால்கள் தெரிந்தால் அது என்ன என்று கேளுங்கள். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து பகுதி பகுதியாக இந்தக் காட்டை வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து தாழ்ந்து, உள்ளே வந்த கடல்நீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, உப்பு ஏறிச் செத்த நிலமானது. 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளூர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதம் உள்ளே வந்து போக வழி செய்து, கன்று நட்டார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில், காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஏரி வரத்து வாய்க்கால் அடைபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்த நம்மூர் விவசாயிக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

18. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்களைப் பார்ப்பீர்கள். இருளர் சமூகத்து ஆண்களும் பெண்களும் இந்தத் தொழிலில் உண்டு. அது அவர்களுடைய வேலை நேரம். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். படகை அருகில் விடச் சொல்லவும் வேண்டாம், சேறு கலங்கினால் அன்றைய வருமானம் போச்சு.

19. வீட்டுக்கு வந்ததும் சேறு பட்ட துணியை ஈரத்தோடு சோப்பில் போடாதீர்கள், வெந்நீரும் வேண்டாம். நன்றாகக் காயவிட்டு, வாசலில் உதறி, பிரஷால் தட்டுங்கள். முக்கால்வாசி கொட்டிவிடும். பிறகு பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி உப்பை எடுத்த பின்தான் சோப்பு. வெள்ளைப் பருத்தியில் துருக்கறை மாதிரி நின்றால் எலுமிச்சைச்சாறு தேய்த்து வெயிலில் வையுங்கள். சாயத் துணியில் அதைச் செய்ய வேண்டாம் என்று தறி ஓடும் ஊரில் நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் அலசல் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பு.

20. ஷூவுக்குள் பழைய தினத்தாளைக் கசக்கித் திணித்து, நிழலில் உலர்த்துங்கள். காரின் அடிப்பாகத்துக்கு மறுநாளே நல்ல தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிடுங்கள்.

21. முடசலோடை, பரங்கிப்பேட்டைப் பக்கம் கருவாடு வாங்கினால் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, மூடி இறுகும் தூக்குவாளியில் போட்டு டிக்கியில் வையுங்கள். ஏ.சி. காரில் சீட்டுக்கடியில் வைத்தால் வேப்பூர் தாண்டுவதற்குள் குடும்பச் சண்டை வரும். வீட்டில் ஒருநாள் வெயில் காட்டி எடுத்து வையுங்கள். குழம்பு வைக்கும்போது முதலில் வெதுவெதுப்பான தண்ணீரிலும், அடுத்து அரிசி களைந்த தண்ணீரிலும் அலசினால் அதிக உப்பும் கவிச்சியும் போய்விடும். அதன் பிறகு புளியைக் கரையுங்கள். உப்பைக் கடைசியில், ருசி பார்த்து.