ஹாஸ்டல் சுவருக்கு ஒரு ஓவியப் பிரிண்ட்: வாங்கும் முன் ஒரு பாடம்

ஹாஸ்டல் ரூம் சுவர்ல மாட்ட ஒரு நல்ல ஓவியம் தேடுறீங்களா? வான்கா, கோகன்னு போறதுக்கு முன்னாடி நம்ம நாட்டு ஓவியர் ஒருத்தரைத் தெரிஞ்சுக்கோங்க.

அம்ரிதா ஷெர்-கில் 1913-ல் புடாபெஸ்டில் பிறந்தவர். பாரிஸில் ஓவியம் படித்தார். செசான், கோகன் ஆகியோரின் பின்-இம்ப்ரெஷனிச ஓவியங்கள் அவரை ஈர்த்தன. அது என்ன பின்-இம்ப்ரெஷனிசம்? இம்ப்ரெஷனிஸ்டுகள் கண்ணுக்குத் தெரிந்த ஒளியைப் பிடிக்க முயன்றார்கள். அடுத்து வந்தவர்கள் வண்ணத்தையும் வடிவத்தையும் தாங்கள் உணர்ந்தபடி மாற்றினார்கள். அவ்வளவுதான்.

1934 இறுதியில் அம்ரிதா இந்தியா திரும்பினார். 1935-ல் 'மூன்று பெண்கள்' ஓவியத்தைத் தீட்டினார். 1937-ல் அதற்கு பம்பாய் கலைச் சங்கத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு, தென்னிந்தியப் பயணத்தில் பார்த்த கிராமத்து மக்களையும் வரைந்தார். 1941-ல் லாகூரில் இறந்தபோது வயது 28.

'மூன்று பெண்கள்' படத்தைத் தேடிப் பாருங்க. பின்னணியில் வீடு, மரம் எதுவும் இல்லை. பளிச்சென்ற உடை, ஆனா முகத்தில் சிரிப்பே கிடையாது. மூவரில் ஒருத்தர்கூட நம்மைப் பார்க்கவில்லை. அவங்க கவலை என்னன்னு படம் சொல்லாது. நாமதான் நின்னு யோசிக்கணும்.

இப்ப நம்ம டிபார்ட்மென்ட் வேலை. ஏ3 அளவு என்றால் சுமார் 11.7 × 16.5 அங்குலம். அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டுமென்றால் ஏறத்தாழ 3510 × 4960 பிக்சல் தேவை. நண்பன் அனுப்பிய படம் 1600 பிக்சல் நீளம்தான் என்றால், அங்குலத்துக்கு 97 தான் வரும். கிட்டப் போய்ப் பார்த்தால் மங்கல்.

அடுத்தது வண்ணம். திரை ஒளியால் நிறம் காட்டுது, காகிதம் மையால் காட்டுது. திரையில் தெரியும் எல்லா நிறமும் காகிதத்தில் வராது. அதனால முதல்ல சின்னதா ஒரு சோதனைப் பிரிண்ட் போடச் சொல்லுங்க. பிக்மென்ட் மை, அமிலமில்லாத பருத்திக் காகிதம் இருந்தா பல காலம் தாங்கும். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். முக்கியமா, 'பளிச்சுன்னு இருக்கட்டும்'னு நிறத்தை ஏத்தாதீங்க. அந்த முகங்களின் மௌனம் போயிடும். மிஞ்சுவது வெறும் காலண்டர் படம்.

கடைசியா ஒண்ணு. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போறோம். வாசலூர்பட்டியில் படகு விடுறோம். வழியில் அன்னாசியோ மிளகோ விற்கும் பெண்ணைப் பார்த்ததும் போனைத் தூக்குறோம். ரெண்டு செகண்டில் ஒரு படம். அவங்க முகம்கூட நம்ம நினைவில் நிற்காது. அம்ரிதாவின் மலைப் பெண்கள் ஓவியம் 1978-ல் தபால் தலையாகவே வந்தது. அவ்வளவு சின்ன பிரிண்ட்டிலும் அவங்க கண்ணியம் குறையல. காரணம், வரைந்தவர் நின்று பார்த்தார்.

அடுத்த முறை போனைக் கீழே வைங்க. "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"ன்னு கேளுங்க. வேண்டாம்னு சொன்னா, சரிங்கக்கான்னு நகர்ந்துடுங்க.