ஓசை ஒன்று, எழுத்து வேறு

தமிழில் கறி, கரி இரண்டும் நம் பேச்சில் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஆயினும் உணவுக்கடைப் பலகையில் எழுத்து மாறிவிட்டால் இறைச்சி அடுப்புக்கரியாகிவிடும்! ஆங்கிலத்தில் இத்தகைய சொற்கள் ஏராளம். காதால் கேட்டே ஆங்கிலம் பழகி வியாபாரம் நடத்துவோர் நம்மில் பலர். பேச்சில் தெரியாத தொல்லை, பில்லும் பத்திரமும் எழுதும்போது வந்து நிற்கிறது. எனவே சில சொற்களை இங்கே கவனிப்போம்.

முதலாவது, பார்க். இது ‘கே’யில் முடிந்தால் ஆங்கிலம்; ‘சி’யில் முடிந்தால் பிரெஞ்சு. இரண்டுக்கும் பொருள் பூங்காவே. ஆனால் விலாசத்தில் இரண்டும் ஒன்றல்ல. கிளமெண்டியில், ஜாலான் லெம்பெங்கில், பார்க் வெஸ்ட் என்னும் கூட்டுரிமைக் குடியிருப்பு இருந்தது, அதற்குக் ‘கே’. அது 2018இல் விற்கப்பட்டு, அவ்விடத்தில் 1,468 வீடுகளுடன் பார்க் கிளமாட்டிஸ் எழுந்தது, இதற்குச் ‘சி’. சரக்கு அனுப்புவோர் விலாசத்தைக் கேட்டு எழுதுவதைவிடப் பார்த்து எழுதுவதே நலம்.

இரண்டாவது, புளோக். ‘சி-கே’ என்று முடிந்தால் கட்டடம். வீவக விலாசத்தில் எண்ணுடன் வருவது இதுவே. ‘சி’யோடு நின்றால் கூட்டு அல்லது அணி. பார்க் வெஸ்ட் விற்கப்பட்ட ‘என்புளோக்’ முறைக்கு இந்த எழுத்தே. நம் காதில் “என் புளோக்” என்று விழுந்தாலும், பொருள் “எல்லாம் சேர்த்து” என்பதாம்.

மூன்றாவது, ஸ்டோரி. ஈற்றில் ‘இ-ஒய்’ வந்தால் மாடி. ‘இ’ இல்லாமல் ‘ஒய்’ மட்டும் வந்தால் கதை. வாடகைப் பத்திரத்தில் மாடியைக் கதையாக்கிவிடலாகாது.

நான்காவது, ஸ்டேஷனரி. ‘இ-ஆர்-ஒய்’ என்று முடிந்தால் காகிதம், பேனா முதலிய எழுதுபொருள். ‘ஏ-ஆர்-ஒய்’ என்று முடிந்தால் அசையாமல் நிற்பது. கடைப் பலகையில் இது மாறினால் வியாபாரமே அசையாமல் நிற்பதாகப் பொருள்படும்! கடித உறையான என்வலப் ‘இ’யில் தொடங்குவதை நினைவில் வைத்தால் மறக்காது.

ஐந்தாவது, பிரின்சிபல். ‘பி-ஏ-எல்’ என்று முடிந்தால் அசல் தொகை. பள்ளித் தலைமையாசிரியருக்கும் அதுவே. ‘பி-எல்-இ’ என்று முடிந்தால் கொள்கை. வியாபாரிக்கு இரண்டும் வேண்டும். ஒப்பந்தத்தில் மட்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரலாகாது.

ஐயமான சொல் பத்திரத்தில் தென்பட்டால், கையெழுத்திடுமுன் அகராதியைப் புரட்டுவோம். பள்ளி செல்லும் நம் பிள்ளைகளைக் கேட்டாலும் குறைவில்லை.