ஜப்பானிய மொழித் தேர்வுக்கு இலக்கணம் படிக்கும் முறை: தமிழ் மாணவருக்கு ஒரு வழிகாட்டி

ஒரகடத்தில் 2010-ஆம் ஆண்டு ரெனோ-நிசான் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டதும், பின்னர் வல்லம் வடகாலில் யமஹாவின் இருசக்கர வாகன ஆலை அமைந்ததும், காஞ்சிபுரம் மாவட்டத்து இளைஞர்களுக்கு ஜப்பானிய மொழியை வேலைக்கு உதவும் ஒரு தகுதியாக ஆக்கியுள்ளன. அத்தகுதியை அளக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வு 1984-இல் தொடங்கியது. 2010 முதல் தொடக்கநிலையான என்5-இலிருந்து உயர்நிலையான என்1 வரை ஐந்து நிலைகளாக நடைபெறுகிறது. இதில் பேச்சுத் தேர்வும் கட்டுரை எழுதுதலும் இல்லை. கொடுக்கப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும், தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதும் இல்லை. ஆகவே உத்திரமேரூர் போன்ற ஊரில் ஜப்பானியர் எவருடனும் பேசும் வாய்ப்பின்றிப் படிக்கும் மாணவரும், தொடரமைப்புகளைச் சரியான முறையில் பயின்றால், என்4 வரை தன்முயற்சியிலேயே எட்டிவிடலாம்.

முதற்படி எளியது. ஹிரகானா, கதகானா எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தபின் ‘மின்னா நோ நிஹோங்கோ’ பாடநூலை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் முதல் 25 பாடங்கள் என்5 நிலைக்கும், அடுத்த 25 பாடங்கள் என்4 நிலைக்கும் ஏறத்தாழப் பொருந்துகின்றன. ஒரு நூலை முடிக்கும்முன் இன்னொன்றைத் தொடக் கூடாது.

இரண்டாம் படியில் செய்ய வேண்டியது, ஜப்பானியத் தொடருக்கு ஆங்கிலத்தில் பொருள் எழுதும் வழக்கத்தை விட்டுவிடுவதாகும். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் வரிசை தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் பொது. பெயரெச்சம் பெயருக்கு முன் நிற்பதும், வேற்றுமையைக் காட்டும் சொல் பெயருக்குப் பின் நிற்பதும் இரண்டிலும் ஒன்றே. இவ்வொற்றுமையை வைத்து இரு மொழிகளும் வரலாற்று உறவுடையவை என்று சுசுமு ஓனோ வாதிட்டதை மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை. எனினும் உறவு உண்டோ இல்லையோ, படிப்பவருக்கு இவ்வொற்றுமை பெரும் பயன் தரும். குறிப்பாக, வினையெச்சத்துக்கு இணையான ‘தெ’ வடிவத்தோடு துணைவினை சேரும் தொடர்கள் தமிழருக்குப் பாதி தெரிந்தவையே: ‘தபெதெ மிரு’ என்பது ‘சாப்பிட்டுப் பார்’, ‘கத்தெ ஓகு’ என்பது ‘வாங்கி வை’, ‘வசுரெதெ ஷிமத்தா’ என்பது ‘மறந்து விட்டது’. ஆங்கிலம் வழியே சென்றால் தனித்தனியே மனப்பாடம் செய்ய நேரும் இத்தொடர்கள், தமிழ்வழியே ஓர் அமர்வில் முடிந்துவிடும்.

மூன்றாம் படியே மாணவர் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம். கொடுத்தல், பெறுதல் பற்றிய வினைகளான ‘அகெரு’, ‘குரெரு’, ‘மொரவு’ ஆகிய மூன்றும் அங்கே வருகின்றன. ‘அகெரு’ பேசுபவரிடமிருந்து பிறரை நோக்கிச் செல்லும் கொடையையும், ‘குரெரு’ பிறரிடமிருந்து பேசுபவரை நோக்கி வரும் கொடையையும் குறிக்கின்றன. இவ்வேறுபாடு தமிழுக்குப் புதிதன்று; தா, வா என்னும் வினைகள் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை என்றும், கொடு, செல் என்பன படர்க்கைக்கு உரியவை என்றும் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வகுத்துள்ளது. எனவே ‘எனக்குத் தந்தார்’ என்று வரும் இடத்தில் ‘குரெரு’, ‘அவருக்குக் கொடுத்தேன்’ என்று வரும் இடத்தில் ‘அகெரு’ என்று முதலில் பழக வேண்டும். ஆனால் இந்த இணை முழுமையானதன்று. இரண்டு இடங்களில் அது பிசகுகிறது, தேர்வில் கேள்வி எழுவதற்கு ஏற்ற இடங்களும் அவையே. ‘உனக்கு நான் தருகிறேன்’ என்று தமிழில் ‘தா’ வந்தாலும், கொடை பேசுபவரை விட்டு வெளியே செல்வதால் ஜப்பானியத்தில் அது ‘அகெரு’ ஆகும். ‘என் தம்பிக்கு யமதா புத்தகம் கொடுத்தார்’ என்று தமிழில் ‘கொடு’ வந்தாலும், தம்பி பேசுபவரின் குடும்பத்தைச் சேர்ந்தவராகையால் ஜப்பானியத்தில் அது ‘குரெரு’ ஆகும். யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைவிட, பொருள் பேசுபவரின் பக்கம் வருகிறதா, விலகுகிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

‘மொரவு’ இன்னும் கவனம் வேண்டுவது. இதில் பெறுபவரே எழுவாய். கொடுப்பவருக்குப் பின் ‘நி’ என்னும் வேற்றுமைச் சொல் வரும். பல மாதம் ‘நி’ என்றால் ‘கு’ உருபு என்றே பழகிய தமிழ் மாணவர், ‘தொமொதாசி நி தெகாமி ஓ கைதெ மொரத்தா’ என்பதைப் படித்ததும் ‘நண்பருக்குக் கடிதம் எழுதியது’ என்று தலைகீழாகப் பொருள் கொள்வார்; அதன் உண்மைப் பொருள், நண்பரைக் கொண்டு தமக்கு ஒரு கடிதம் எழுதுவித்துக்கொண்டார் என்பதாகும். இங்கே ‘நி’ என்பது ‘இடம்’ என்னும் உருபுக்கு நெருக்கமானது. ‘சென்செய் நி ஹொமெராரெதா’ என்னும் செயப்பாட்டுத் தொடரில் அதே ‘நி’ ‘ஆசிரியரால்’ என்று ‘ஆல்’ உருபாகிறது. எனவே ‘நி’யைக் கண்டவுடன் பொருள் கூறாமல், கண்ணை வாக்கியத்தின் இறுதிக்குக் கொண்டுசென்று வினையைப் பார்த்தபின் திரும்பி வருவதே பிழையற்ற வழி. இவ்வொரு பழக்கம் இல்லாதவர் எத்தனை பட்டியல்களை மனப்பாடம் செய்தாலும் பயனில்லை.

இதே போல ‘இல்’ உருபும் ஜப்பானியத்தில் இரண்டாகப் பிரிகிறது. ‘உத்திரமேரூரில் இருக்கிறார்’ என்று இருப்பைச் சொன்னால் ‘நி’; ‘உத்திரமேரூரில் படிக்கிறார்’ என்று செயலைச் சொன்னால் ‘டெ’; ‘பேருந்தில் செல்கிறார்’ என்று கருவியைச் சொன்னாலும் ‘டெ’. வசித்தலைக் குறிக்கும் ‘சுமு’ என்னும் வினை செயல்போலத் தோன்றினாலும் ‘நி’யையே ஏற்கும். வேலை செய்தலைக் குறிக்கும் இரு வினைகளில் ‘ஹதராகு’ ‘டெ’யையும், ‘த்ஸுதொமெரு’ ‘நி’யையும் ஏற்கும். இத்தகைய வினைகளை உருபோடு சேர்த்தே எழுதிப் படிக்க வேண்டும்.

நிபந்தனைத் தொடர்களில் சிக்கல் வேறுவகையானது. தமிழில் ‘வந்தால்’ என்னும் ஒரே எச்சம் செய்யும் பணியைத் ‘தொ’, ‘பா’, ‘தரா’, ‘நரா’ என்னும் நான்கு வடிவங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. ‘விசையை அழுத்தினால் தண்ணீர் வரும்’ என்பதுபோல் தவறாது நிகழும் விளைவுக்குத் ‘தொ’ வரும். அதன்பின் கட்டளையோ வேண்டுகோளோ பேசுபவரின் விருப்பமோ வராது. ஆகவே ‘மழை பெய்தால் வர வேண்டாம்’ என்பதற்குத் ‘தொ’ பொருந்தாது, ‘தரா’ பொருந்தும். ‘சென்னைக்குப் போவதானால் செங்கல்பட்டிலிருந்து ரயிலில் போங்கள்’ என்னும் வாக்கியத்தில் உள்ள ‘போவதானால்’ என்பதே ‘நரா’. பிறர் சொன்னதை ஏற்று அறிவுரை கூறும் இடம் அது. கேள்வித்தாளில் வாக்கியத்தின் பிற்பாதியை முதலில் படித்து, அது கட்டளையா, இயற்கை விளைவா, அறிவுரையா என்று தீர்மானித்தால், நான்கில் இரண்டேனும் உடனே விலகிவிடும்.

நட்சத்திரக் கேள்வி என்று மாணவர் அழைக்கும் வகை, நான்கு கோடிட்ட இடங்களை வரிசைப்படுத்தி, நட்சத்திரம் இட்ட இடத்தில் வரும் சொல்லைக் கேட்பது. தமிழருக்கு இதுவே மதிப்பெண் அள்ளும் இடம். ‘அக்கா நேற்றுக் காஞ்சிபுரத்தில் வாங்கிய சேலை’ என்பதும் ‘அனெ க கினோ காஞ்சிபுரம் டெ கத்தா சரீ’ என்பதும் சொல்லுக்குச் சொல் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஆகவே சிதறிக் கிடக்கும் சொற்களைத் தமிழ் வாக்கியமாக மனத்தில் அடுக்கி, பின் ஜப்பானியத்தைப் பொருத்தினால் போதும். ஆயினும் ‘நொதெ’, ‘யோ நி’, ‘தமே நி’ போன்ற இணைப்புகளுக்கு முன் எந்த வடிவம் வரும் என்பது தெரியாவிடில் இவ்வழியும் உதவாது. குறிப்பட்டையில் தொடரமைப்பின் பொருளை மட்டும் எழுதாமல், அதற்கு முன்வரும் வடிவத்தையும், சொந்த ஊரைப் பற்றிய ஒரு வாக்கியத்தையும் எழுதுதல் வேண்டும்.

என்4 நிலையில் மொத்தம் 180-க்கு 90 பெற்றால் தேர்ச்சி. ஆனால் மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த பகுதியில் 120-க்கு 38-உம், கேட்டலில் 60-க்கு 19-உம் தனித்தனியே பெற வேண்டும். இலக்கணத்தில் மூழ்கிக் கேட்டல் பயிற்சியைத் தள்ளிப்போடுபவர், மொத்த மதிப்பெண் இருந்தும் தோற்க நேரும். ஆகையால் கற்ற ஒவ்வொரு தொடரையும் ஒலிப்பதிவில் ஒருமுறையேனும் கேட்டாக வேண்டும்.

தேர்வு ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் சென்னையில் நடைபெறும். விண்ணப்பமோ பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். உத்திரமேரூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 90 கி.மீ. என்பதால், ஞாயிறு காலைப் பேருந்தை நம்பாமல் முந்தைய நாளே நகரில் தங்குவது நல்லது. நுழைவுச்சீட்டு, புகைப்பட அடையாள அட்டை, ஹெச்.பி. பென்சில்கள், அழிப்பான் ஆகியவற்றை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.