மூச்சை எண்ணு, பிறகு மெஷினைப் பார்

ஆம்புலன்ஸ் வேலைக்குப் படிக்க வருகிறவர்களில் பலருக்கு முதல் நாளே டிஃபிப்ரிலேட்டரைத் தொட்டுப் பார்க்க ஆசை. தூத்துக்குடியில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை வேறு. காஷுவாலிட்டியில் வரிசையாகப் படுத்திருப்பவர்களின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணி எழுத வேண்டும். கையில் ஒரு வாட்ச், ஒரு பேனா. அலுப்பான வேலைதான். இப்போது என்னிடம் பழக வரும் தம்பி தங்கைகளுக்கும் அதையேதான் முதலில் கொடுக்கிறேன்.

நோயாளியின் குறிப்புத் தாளில் அதிகம் கற்பனையாக எழுதப்படும் எண், மூச்சின் எண். நாடியையும் பிரஷரையும் மெஷின் சொல்லிவிடும். மூச்சை யாராவது பக்கத்தில் நின்று எண்ணியாக வேண்டும். பொறுமையில்லாதவர் 18 என்றோ 20 என்றோ எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். ஒரு வார்டில் எல்லாருக்கும் 20 என்று எழுதியிருந்தால் அங்கே யாரும் எண்ணவில்லை என்று பொருள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 30-ஐத் தொட்டவர், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், ஆபத்தில் இருக்கிறார். உள்ளே ரத்தம் கசிவதும், நிமோனியாவும், எல்லை மீறிய சர்க்கரையும் பல நேரம் பிரஷர் இறங்குவதற்கு முன்பே மூச்சில் தெரிந்துவிடும். எண்ணப் போகிறேன் என்று சொல்லாதீர்கள். சொன்னால் அவரையறியாமல் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைக் கவனியுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை நம்பலாமா? நம்பலாம், விரலைப் பார்த்துவிட்டு. திரேஸ்புரத்தில் ஐஸும் மீனும் அள்ளிய கையில் மாட்டினால் 70 என்று காட்டும், அல்லது ஒன்றுமே காட்டாது. மருதாணியும் நகப்பூச்சும் அதைக் குழப்பும். விரலைத் துடைத்து, தேய்த்துச் சூடாக்கி, மறுபடி மாட்டுங்கள். முக்கியமாக, மெஷின் காட்டும் நாடி எண்ணும் உங்கள் விரலுக்குத் தட்டுப்படும் நாடியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அது காட்டும் ஆக்ஸிஜன் அளவுக்கும் மதிப்பில்லை.

ஓடும் வண்டியில் பிரஷர் பார்ப்பது தனிக் கலை. துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைரனோடு போகும்போது ஸ்டெத்தில் எதுவும் கேட்காது. மணிக்கட்டு நாடியில் விரலை வைத்துக்கொண்டு பட்டையில் காற்றேற்றுங்கள். நாடி மறைந்த பிறகும் கொஞ்சம் ஏற்றி, மெல்ல இறக்குங்கள். நாடி திரும்ப வரும் இடம்தான் மேல் எண். கீழ் எண் கிடைக்காது, பரவாயில்லை. வண்டிக்குள் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு மேல் எண்ணே போதும். இதை வீட்டில் அப்பா, சித்தி, பக்கத்து வீட்டு ஆச்சி என்று கிடைத்த கையிலெல்லாம் பழகினேன். இலவசமாகப் பிரஷர் பார்க்கிறோம் என்றால் தெருவே கை நீட்டும்.

மூச்சு நின்றவருக்குக் காற்று கொடுக்கும் அம்பு பேக்கைப் பிடிப்பதில்தான் மாணவர்கள் அதிகம் திணறுகிறார்கள். பை பிதுக்குவது எளிது. மாஸ்க்கை முகத்தோடு காற்று கசியாமல் பிடிப்பதுதான் சிரமம். மாஸ்க்கை முகத்தில் அழுத்தாதீர்கள், தாடையை மாஸ்க்குக்குள் தூக்குங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கின் மேல், மற்ற மூன்று விரல்கள் தாடை எலும்பில். கழுத்துச் சதையில் படக் கூடாது. உறுதியாக நிற்கும் பல்செட்டைக் கழற்ற வேண்டாம், அது இருந்தால்தான் கன்னம் குழியாமல் மாஸ்க் பொருந்தும். ஆடுகிற பல்செட்டை எடுத்துவிடுங்கள். நாடி இருந்து மூச்சு மட்டும் நின்ற பெரியவருக்கு ஆறு விநாடிக்கு ஒரு முறை, நெஞ்சு எழும் அளவுக்கு மட்டும் போதும். பதற்றத்தில் கை தானாக வேகமெடுக்கும். வயிற்றில் காற்று நிறைந்து வாந்தி வரும். வாய்விட்டு எண்ணுங்கள்.

இந்தக் கடற்கரையில் வேலை செய்கிறவருக்குப் பாடப்புத்தகம் ஒரு பக்கத்தில் முடித்துவிடும் சில விஷயங்கள் தினசரிப் பாடம். திருச்செந்தூரில் நீராட வந்தவர் மூழ்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் அவரைக் கவிழ்த்துப் போட்டு வயிற்றை அமுக்கிக்கொண்டிருக்கும். தண்ணீரை வெளியே எடுக்கும் அந்த முயற்சியால் வாந்தி நுரையீரலுக்குள் போகிறது, நேரமும் போகிறது. மூழ்கியவருக்குத் தேவை காற்று. மல்லாக்கப் படுக்க வைத்து முதலில் மூச்சு கொடுத்துவிட்டுத்தான் நெஞ்சழுத்தம். நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம், 30-க்கு 2 மூச்சு. இளகிய மணலில் அழுத்தினால் ஆள்தான் மணலில் இறங்குவார். ஈரம் இறுகிய இடத்துக்கோ பலகைக்கோ மாற்றுங்கள். கூட்டத்தைப் பார்த்து "யாராவது உதவுங்க" என்றால் யாரும் அசைய மாட்டார்கள். "சிவப்புச் சட்டை அண்ணாச்சி, நீங்க இந்தப் பக்கம் பிடிங்க" என்று சொல்லிப் பாருங்கள்.

முத்துக்குளிப்பு இங்கே 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. சங்கு குளிப்பவர்கள் இருக்கிறார்கள், கம்ப்ரசர் குழாய் வழியே மூச்சு வாங்கிக்கொண்டு நெடுநேரம் ஆழத்தில் இருப்பவர்களும் உண்டு. கரையேறிய பின் மூட்டு வலி, கால் மரத்துப் போவது, சிறுநீர் வராமை என்று ஒருவர் சொன்னால், கேட்க வேண்டிய கேள்வி: எவ்வளவு ஆழம், எத்தனை முறை இறங்கினீர்கள்? ரத்தத்தில் காற்றுக் குமிழிகள் சேர்ந்திருக்கக்கூடும். படுக்க வைத்து முழு அளவில் ஆக்ஸிஜன் கொடுங்கள், கட்டுப்பாட்டு அறை டாக்டரிடம் இந்தச் சந்தேகத்தைச் சொல்லிவிடுங்கள். "மறுபடி ஒரு தடவ இறக்குனா சரியாப் போவும்" என்று கூட வந்தவர்கள் சொல்வார்கள். கூடாது.

அந்தக் காலத்தில் முத்துக்குளிப்பவரின் கயிற்றைத் தோணியில் பிடித்திருப்பவர் மனைவியின் உடன்பிறந்தவர் என்று ஒரு பேச்சு உண்டு. தங்கையின் தாலி அவர் கையில். நம் வண்டியில் அந்தக் கயிறு டிரைவரிடம். நாங்கள் பைலட் என்போம். "ஏல தம்பி, நீ பைய பாரு, ரோட்டை நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லும் ஒரு பைலட் அண்ணாச்சியிடம் நான் கற்றது வகுப்பில் கற்றதைவிட அதிகம். உடன்குடிப் பக்கம் பனையிலிருந்து விழுந்தவரைப் பலகையில் புரட்ட ஆள் போதாதபோது, தலையைப் பிடித்திருப்பவர் மட்டுமே எண்ண வேண்டும், மற்றவர்கள் அந்த எண்ணுக்கே அசைய வேண்டும் என்று ஊர்க்காரர்களுக்கு ஒரே வாக்கியத்தில் புரியவைத்தவர் அவர்.

ஒப்படைப்பையும் பழக வேண்டும். ஜி.எச். வாசலில் டாக்டர் நமக்குத் தருவது அரை நிமிடம்தான். என்ன நடந்தது, எப்போது, நான் பார்த்தது என்ன, செய்தது என்ன. இந்த வரிசையில் சொல்லுங்கள். பேண்டின் தொடையில் ஒட்டிய வெள்ளைப் பிளாஸ்திரியில் நேரங்களைக் குறித்துக்கொண்டே வந்தால் மறக்காது. செலவை நினைத்துப் பதறும் சாலை விபத்துக்காரர் குடும்பத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. கரண்ட் இல்லை, போன் இல்லை, சார்ஜ் இறங்கிய மெஷின்கள். மீனவர்கள் படகோடு ஊருக்குள் வந்து ஆட்களை மீட்டார்கள். அந்த மாதிரி நாளில் கையில் மிஞ்சுவது வாட்சும் விரலும்தான்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் வந்தது. அதற்குப் பின் இந்தப் படிப்பை நடத்தும் இடங்கள் பெருகிவிட்டன. சான்றிதழ் மட்டும் கொடுத்து அனுப்பும் இடங்களும் அவற்றில் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த மருத்துவமனையின் காஷுவாலிட்டியில் போஸ்டிங், அங்கே எத்தனை இரவு ஷிப்ட்? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் சேராதீர்கள்.